கலக்கியில் துகள்கள் தேய்வதும் உடைவதும்: கணினிச் சிமுலேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக் குருணை, சலவைத்தூள், உரக் குருணை, வினையூக்கி மணிகள், விதைகள் என எதை எடுத்தாலும் ஆலையில் ஏதோ ஒரு கட்டத்தில் அது கலக்கிக்குள் போய்த்தான் வருகிறது. போன அளவிலேயே திரும்பி வருவதில்லை. கொஞ்சம் தேய்கிறது, கொஞ்சம் உடைகிறது, அடியில் தூள் சேர்கிறது. இந்தச் சேதத்தைக் கணினியில் முன்கூட்டியே பார்க்க முடியுமா என்று கேட்கும் மாணவர்களுக்கும் ஆலைப் பொறியாளர்களுக்கும் எழுதியது இது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தத் துகளுக்கு எத்தனை அடி, எவ்வளவு பலமாக விழுகிறது என்பதைக் கணினி நன்றாகவே சொல்லும். எந்த அடியில் அது உடையும் என்பதை அந்தத் துகளையே சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான சிமுலேஷன்கள் வீணாகின்றன.

கலக்கினால் துகள் ஏன் உடைய வேண்டும்?

கலக்கிக்குள் ஒரு குருணைக்கு நான்கு விதமாகச் சேதம் வரலாம். வேகமாக வரும் பிளேடு அடிக்கலாம். தூக்கி எறியப்பட்டுச் சுவரிலோ இன்னொரு குருணையிலோ போய் மோதலாம். மேலே கிடக்கும் சரக்கின் எடையில் அழுந்தியபடி பக்கத்துக் குருணைகளோடு உரசிக்கொண்டே நகரலாம். நான்காவதாக, பிளேடு நுனிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மாட்டிக்கொள்ளலாம்.

இந்த நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இடுக்கு 3 மி.மீ., குருணை 2 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குருணை தனியாக வந்தால் தப்பித்துவிடும். இரண்டு சேர்ந்து நுழைந்தால் ஒன்றாவது நொறுங்கும். இடுக்கு துகளைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால் பிரச்சினை குறைவு. துகள் நுழையவே முடியாத அளவு சிறிதாக இருந்தாலும் குறைவுதான். துகளின் அளவை ஒட்டி இருக்கும்போதுதான் சேதம் கூடுகிறது.

தேய்மானமும் உடைவும் ஒன்றுதானா?

இல்லை. இந்த வேறுபாடு தெளிவாக இல்லாவிட்டால் பிறகு எந்தக் கணக்கு மாதிரியைத் தேர்ந்தெடுத்தாலும் தவறாகப் போகும். முறுக்கு டின்னின் அடியில் பார்த்தால் மாவு போன்ற தூளும் இருக்கும், பாதியாக உடைந்த முறுக்குகளும் இருக்கும். தூள் உரசலில் வந்தது, துண்டுகள் அடியில் வந்தவை.

துகள்களிலும் அப்படித்தான். உரசலில் மேற்பரப்பு சன்னமாகத் தேய்கிறது. நடுத்தர அடியில் மூலைகளும் விளிம்புகளும் சில்லுகளாகப் பெயர்கின்றன. தாய்த்துகள் கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கும், பக்கத்தில் மிகச் சிறிய தூள் சேரும். பலமான அடியில் துகளே இரண்டு மூன்றாகப் பிளக்கிறது. சலித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். முதல் இரண்டில் அளவுப் பரவல் வரைபடத்தில் பழைய மேடு அப்படியே இருக்க, தூள் பக்கம் புதிதாக ஒரு மேடு முளைக்கும். மூன்றாவதில் பழைய மேடே சரிந்து நடுவில் பரவும். ‘5 சதவீதம் சேதம்’ என்ற ஒற்றை எண் இந்த இரண்டு கதைகளையும் ஒரேபோல் காட்டும் என்பதால், சலித்த முழு வரைபடத்தையும் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

கொஞ்சம் தூள் வந்தால் என்ன பெரிய நஷ்டம்?

மாத்திரை ஆலையில் தூள் கூடினால் குருணை சீராக ஓடாது, அச்சுக்குள் நிரம்பும் எடை மாறும், பெரியதும் சிறியதும் தனித்தனியே பிரிந்து மருந்தின் அளவே மாத்திரைக்கு மாத்திரை வேறுபடும். ஊசி போன்ற படிகங்களாக வரும் மருந்து மூலப்பொருள் உலர்த்தியில் உடைந்தால் அது கரையும் வேகமும் மாறிவிடும். வினையூக்கி மணிகள் தேய்ந்தால் அடுத்து வரும் வடிகட்டிகள் அடைத்துக்கொள்ளும்.

தூள் உயிரையும் எடுக்கும். 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரில் இம்பீரியல் சுகர் ஆலையில் சர்க்கரைத் தூள் வெடித்து 14 பேர் இறந்தார்கள். அது கலக்கியில் நடந்த விபத்தில்லை, மூடிய கன்வேயரில் சேர்ந்த தூளில் தொடங்கியது. ஆனாலும் எரியக்கூடிய சரக்கைக் கையாளும் எவரும் ‘இதில் எவ்வளவு தூள் கிளம்பும்?’ என்ற கேள்வியைத் தரக் கட்டுப்பாட்டுத் துறையோடு விட்டுவிடக் கூடாது.

டி.இ.எம். என்கிறார்களே, அது என்ன?

டிஸ்க்ரீட் எலிமெண்ட் மெத்தட். தமிழில் சொன்னால், ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பின்தொடரும் முறை. பீட்டர் கண்டல், ஓட்டோ ஸ்ட்ராக் ஆகிய இருவரும் 1979-இல் மணல் போன்ற பொருள்களுக்காக எழுதிய கட்டுரைதான் இதற்கு அடித்தளம். கண்டல் அதற்கு முன்பே பாறைகளுக்காக இந்த வழியில் வேலை செய்துகொண்டிருந்தார்.

கணக்கு எளிமையானதுதான். எந்தெந்தத் துகள்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒன்றையொன்று எவ்வளவு அழுத்துகின்றன என்பதை வைத்து விசையைக் கணக்கிட வேண்டும். இதற்குப் பெரும்பாலும் ஹெர்ட்ஸ் 1882-இல் தந்த சூத்திரமும், பக்கவாட்டு விசைக்கு மிண்ட்லினின் சூத்திரமும் பயன்படுகின்றன. அப்புறம் நியூட்டனின் விதிப்படி ஒவ்வொரு துகளையும் இம்மியளவு நகர்த்த வேண்டும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைக் கோடிக்கணக்கான தடவை செய்தால் கலக்கி சுழல்வது திரையில் தெரியும்.

ஏன் அத்தனை தடவை?

ஒரு மோதல் மிகக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதைத் தவறவிடாமல் பிடிக்கக் காலப்படி, அதாவது துகள்களை ஒவ்வொரு முறை நகர்த்துவதற்கும் நடுவிலான நேரம், அதைவிடவும் சிறிதாக இருக்க வேண்டும். துகளின் மேற்பரப்பில் ரேலி அலை (மேற்பரப்பை ஒட்டிப் பரவும் அதிர்வலை) கடந்துபோகும் நேரத்தைக் கணக்கிட்டு, அதில் 20 சதவீதம் போல எடுப்பது வழக்கம். 2 மி.மீ. கண்ணாடி மணிக்கு அந்த நேரம் சுமார் 1 மைக்ரோ விநாடி. 20 சதவீதம் என்றால் 0.2 மைக்ரோ விநாடி. ஆக, கலக்கி 1 விநாடி சுழல 50 லட்சம் படிகள்.

துகள் எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரு லிட்டரில் 2 மி.மீ. மணிகள் சுமார் 1.4 லட்சம் இருக்கும். இது கணினிக்குப் பெரிய சுமையில்லை. அதே லிட்டரில் 100 மைக்ரான் தூள் என்றால் 100 கோடிக்கும் மேல். அதனால்தான் நுண்தூளைத் துகள் துகளாக யாரும் கணக்கிடுவதில்லை. பல துகள்களுக்குப் பதிலாக ஒரு பெரிய துகளை வைத்துக் கணக்கை முடிக்கிறார்கள். விட்டத்தை இரட்டித்தால் எண்ணிக்கை எட்டில் ஒரு பங்காகிவிடும். ஓட்டத்தைப் பார்க்க இந்த வழி பெரும்பாலும் போதும். உடைவுக்கு இதைப் பயன்படுத்தும்போது கவனம் வேண்டும். மோதல்களின் எண்ணிக்கையைத் திருத்த வேண்டும், மேலே சொன்ன இடுக்குப் பிரச்சினையோ முழுக்கவே பொய்யாகிவிடும்.

வேகமாக ஓட வேண்டுமென்று துகளை மென்மையாக்கிக் கணக்கிடலாமா?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். கிட்டத்தட்ட எல்லோரும் இதைச் செய்கிறார்கள். துகளின் விறைப்பை உண்மையானதில் 1,000-இல் ஒரு பங்காகக் குறைத்தால் காலப்படி சுமார் 32 மடங்கு பெரிதாகும். ஒரு மாத ஓட்டம் ஒரு நாளில் முடியும். துகள்கள் எப்படிக் கலக்கின்றன, எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதெல்லாம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் தப்பில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

உடைவுக்கு வரும்போதுதான் சிக்கல். ஹெர்ட்ஸ் சூத்திரப்படி மோதலின் உச்ச விசை விறைப்பின் 0.4 அடுக்கைப் பொறுத்தது. விறைப்பை 1,000 மடங்கு குறைத்தால் உச்ச விசை சுமார் 16 மடங்கு குறைந்துவிடும். மோதல் நீடிக்கும் நேரம் அதே 16 மடங்கு கூடும். அப்படியிருக்க, ‘விசை இத்தனை நியூட்டனைத் தாண்டினால் துகள் உடையும்’ என்று ஒரு வரம்பை எழுதி, ஆய்வகத்தில் நசுக்கி அளந்த எண்ணை அதில் போட்டால் எதுவுமே உடையாது. உடனே வரம்பைக் குறைத்து விடையைப் பொருத்திவிடுவார்கள். அந்த எண்ணுக்கு அதன்பிறகு எந்த அர்த்தமும் இல்லை. பிளேடின் வேகத்தை மாற்றினாலே அது கைவிட்டுவிடும்.

இதற்கு மாற்று, விசையை விட்டுவிட்டு மோதல் ஆற்றலைப் பயன்படுத்துவது. இரண்டு துகள்கள் எந்த வேகத்தில் நெருங்கின என்பது விறைப்பைப் பொறுத்து அவ்வளவாக மாறாது. ஆனால் எந்த ஆற்றல் என்பதிலும் தெளிவு வேண்டும். நெருங்கும் வேகத்திலிருந்து வரும் இயக்க ஆற்றலை எடுப்பது ஒரு வழி. மோதலில் இழந்த ஆற்றலை எடுப்பது இன்னொரு வழி. இரண்டாவதை எடுத்தால் மீள்குணகம், அதாவது மோதிய வேகத்தில் எத்தனை பங்கோடு துகள் திரும்புகிறது என்ற எண், உள்ளே நுழைந்துவிடும். அது 0.9 என்றால் 19 சதவீத ஆற்றல் இழப்பு, 0.5 என்றால் 75 சதவீதம். அந்தக் குணகத்தைப் பலர் அளக்காமல் உத்தேசமாகப் போடுகிறார்கள். நான்கு மடங்கு வித்தியாசத்தை அப்படி உத்தேசத்தில் விட முடியாது. முதல் வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

சரி, உடைவைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவதில் சிமுலேஷனுக்குள் எதுவும் உடையாது. எல்லா மோதல்களையும் ஆற்றல்வாரியாகப் பதிவு செய்து, பிறகு அந்தப் பட்டியலை உடைவுச் சூத்திரத்தில் போடுகிறோம். இதற்கு ஃபோகல், பாய்கெர்ட் இருவரும் 2003-இல் தந்த சூத்திரம் எனக்குப் பிடித்தமானது. ஒரு துகள் உடையும் வாய்ப்பு அதன் அளவையும், வாங்கிய அடிகளின் எண்ணிக்கையையும், ஒவ்வொரு அடியின் ஆற்றல் ஒரு குறைந்தபட்ச வரம்பைத் தாண்டி எவ்வளவு போகிறது என்பதையும் பொறுத்தது என்கிறது அது. கலக்கியில் ஒரு துகள் வாங்கும் அடிகளில் மிகப் பெரும்பாலானவை மென்மையானவை. அவற்றை எல்லாம் கூட்டினால் மலைபோல் ஆற்றல் வரும், ஆனால் அது ஒரு துகளையும் உடைத்திருக்காது. அந்த வரம்பு இந்தக் குப்பையை ஒதுக்கிவிடுகிறது.

சில்லு பெயர்தலுக்குக் காதிரி, ஜாங் 2002-இல் தந்த உறவு உண்டு. பெயரும் பங்கு வேகத்தின் இருமடியோடும், துகளின் அளவோடும், கடினத்தன்மையோடும் கூடும், முறிவுத் தாங்குதிறனின் (விரிசல் பரவாமல் தாங்கும் திறனின்) இருமடியோடு குறையும். பிளேடு வேகத்தை இரட்டித்தால் ஒரு மோதலுக்குத் தூள் நான்கு மடங்கு.

இரண்டாவது வழியில், வரம்பைத் தாண்டிய துகளை அந்த நொடியே எடுத்துவிட்டு அதன் இடத்தில் சிறு துண்டுகளை வைக்கிறார்கள். பாறை அரவை இயந்திரங்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இருக்கும் ஆய்வாளர் டவாரெஸ் வளர்த்த மாதிரி இதில் பெயர்பெற்றது. உடைக்காத அடிகூடத் துகளைப் பலவீனமாக்கும், அடுத்த அடிக்கு அது குறைந்த ஆற்றலிலேயே உடையும் என்பதையும் அது கணக்கில் கொள்கிறது. ஆனால் துண்டுகள் பெருகப் பெருக எண்ணிக்கை எகிறும், சிறிய துண்டு காலப்படியையும் குறுக்கிவிடும். எந்த அளவுக்குக் கீழ் துண்டுகளை விட்டுவிடுவது என்று நாமே ஒரு கோடு போட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஒரு குருணையையே நூற்றுக்கணக்கான சிறு உருண்டைகளை ஒட்டிச் செய்வது. பொட்யாண்டி, கண்டல் இருவரும் 2004-இல் பாறைக்காக இதை முழுமையாக எழுதினார்கள். அடி விழும்போது ஒட்டு அறுந்து குருணை பிளப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

அப்படியானால் மூன்றாவதுதானே மிகச் சரியானது?

படம் அழகாக இருக்கும் என்பதால் அப்படித் தோன்றுகிறது. ஒரே ஒரு குருணையைச் சுவரில் எறிந்து, விரிசல் எங்கே தொடங்குகிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல கருவி இல்லை. ஒரு லட்சம் குருணை உள்ள கலக்கிக்கு இதைப் போட்டால் கணினி தாங்காது. அதற்காக ஒரு குருணைக்குப் பத்து உருண்டைகள் என்று சுருக்கினால், அந்த உருண்டையைவிடச் சிறிய தூள் பிறக்கவே முடியாது. சன்னமான தூள்தான் நம் கவலை என்றால் இந்த வழி அதைக் காட்டாது.

மெதுவாகச் சுழலும் கலக்கியில் மோதலே குறைவு. அங்கே என்ன செய்வது?

மருந்து ஆலைகளில் உள்ள, துடுப்பு வைத்த வடிகட்டி உலர்த்தி இதற்கு நல்ல உதாரணம். சரக்கு அடர்த்தியாகக் கிடக்கும், துடுப்பு மெல்ல உழுதுகொண்டு போகும். இங்கே மோதல் ஆற்றலைக் கணக்கிடுவது பயனில்லை. அழுத்தமும், அந்த அழுத்தத்தில் சரக்கு எவ்வளவு நறுக்கி (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி) நகர்கிறது என்பதும்தான் சேதத்தைத் தீர்மானிக்கின்றன.

நீல், பிரிட்ஜ்வாட்டர் இருவரும் 1994-இல் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். வளைய வடிவ நறுக்கு அறையில் துகள்களை வைத்து, தெரிந்த அழுத்தத்தில் தெரிந்த தூரம் நகர்த்தி, வந்த தூளை எடைபோட்டு அதன் மாறிலிகளைப் பெறலாம். ஹேர், காதிரி, டென்னஹி மூவரும் 2011-இல் இதை டி.இ.எம். உடன் சேர்த்தார்கள். கிளறப்படும் படுகையில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நறுக்கு என்பதைச் சிமுலேஷன் தந்தது. சேதத்துக்கான மாறிலிகளை நறுக்கு அறைச் சோதனை தந்தது. வேலையைப் பிரித்துக்கொண்ட இந்த முறையைத்தான் இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொரு மாணவருக்கும் முதலில் காட்ட விரும்புவேன்.

இந்த இடத்தில் மென்மையாக்குவதால் வரும் கெடுதியும் குறைவு. படுகையின் சராசரி அழுத்தத்தை மேலுள்ள எடையும் துடுப்பும் தீர்மானிக்கின்றன, துகளின் விறைப்பு அதில் அதிகம் தலையிடுவதில்லை.

பிளேடும் சுவரும் தேய்வதைக் கணக்கிட முடியுமா?

முடியும், அது எளிதும்கூட. ஆர்ச்சர்ட் 1953-இல் தந்த விதிப்படி, தேயும் கன அளவு அழுத்தும் விசையையும் உரசிய தூரத்தையும் பெருக்கி உலோகத்தின் கடினத்தன்மையால் வகுத்தால் வருவதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகமாக வந்து செதுக்கும் துகள்களுக்கு ஃபின்னியின் 1960-ஆம் ஆண்டு மாதிரி பொருந்தும். எங்கே அதிகம் தேயும் என்பதைச் சிமுலேஷன் நன்றாகவே காட்டுகிறது. கான்கிரீட் கலக்கியில் எந்தத் தகட்டுக்குத் தடித்த உலோகம் போடலாம் என்று முடிவு செய்ய அது போதும். எத்தனை மாதத்தில் மாற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டுமானால், தேய்மானக் குணகத்தை உண்மையான சரக்கும் உண்மையான தகடும் வைத்து அளந்திருக்க வேண்டும்.

என்னென்ன சோதனைகள் கட்டாயம் வேண்டும்?

ஓட்டத்துக்கு இரண்டு: குவியலின் சரிவுக் கோணம், சுழலும் டிரம்மில் சரக்கின் சாய்வு. இரண்டும் வேண்டும், ஏனென்றால் உராய்வையும் உருளல் தடையையும் வெவ்வேறு விதமாகக் கூட்டிக் குறைத்து ஒரே குவியல் கோணத்தைப் பெற்றுவிட முடியும்.

சேதத்துக்கு, துகளை ஒவ்வொன்றாகக் குறிப்பிட்ட வேகங்களில் தகட்டில் எறிந்து பார்க்கும் சோதனை. குறைந்தது மூன்று வேகங்கள், இரண்டு அளவுகள் இருக்க வேண்டும். அப்போதுதான் வரம்பு ஆற்றல் கிடைக்கும். மெதுவான கலக்கிக்கு நறுக்கு அறை. மாத்திரைகளுக்கென்று உள்ள உதிர்வுச் சோதனையை, அதாவது நிமிடத்துக்கு 25 சுற்று வீதம் 100 சுற்று சுழற்றி எடை இழப்பு 1 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதை, சிலர் இதற்குப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். தேறியதா இல்லையா என்று சொல்லத்தான் அது ஏற்பட்டது. எந்த ஆற்றலில் உடைந்தது என்பது அதிலிருந்து வராது.

உருண்டைத் துகள் போதுமா?

உருண்டையான மணிகளுக்குப் போதும். ஊசிப் படிகங்களுக்குப் போதாது, அவை வளைந்து முறிகின்றன. வரிசையாக ஒட்டிய உருண்டைகளால் ஊசியைச் செய்து, ஒட்டில் வளைவு வரம்பு வைப்பது நடைமுறை.

சரக்கு ஈரமாக இருந்தால்?

துகள்களுக்கு நடுவே நீர்ப்பாலம் உருவாகி இழுக்கும். அந்த விசையைச் சேர்க்க மாதிரிகள் உள்ளன. ஆனால் ஈரக் குருணையின் பலம் ஈரம் மாற மாற மாறும் என்பதால், உடைவுச் சோதனையையும் அதே ஈரத்தில் செய்ய வேண்டும்.

ஆலையில் இரண்டு மணி நேரம் கலக்குகிறோம், சிமுலேஷனோ 20 விநாடி. எப்படி நீட்டுவது?

ஓட்டம் நிலைப்பட்டதும் கிடைக்கும் மோதல் வீதத்தை எடுத்து, எந்த அளவுத் துகள் எந்த வேகத்தில் குறைகிறது, எந்த அளவுத் துண்டாக மாறுகிறது என்ற சமநிலைச் சமன்பாட்டுக்குள் போட வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிய அளவுப் பரவலோடு டி.இ.எம்.-ஐத் திரும்ப ஓட்டிச் சரிபார்ப்பது நல்லது. 20 விநாடி விடையை 360-ஆல் பெருக்குவது மட்டும் வேண்டாம். மூலைகள் முதலில் உதிர்ந்துவிடும், பிறகு துகள் உருண்டு திரண்டு நிதானமாகத் தேயும். குவின் 1969-இல் வினையூக்கித் துகள்களை வைத்துக் காட்டியதும் இதுதான்: தூள் நேரத்தின் ஒரு அடுக்காகக் கூடுகிறது, அந்த அடுக்கு பொதுவாக ஒன்றைவிடக் குறைவு.

ஆய்வகக் கலக்கியில் சரியாக இருந்தது, பெரிய கலக்கியில் உடைகிறது. ஏன்?

பெரும்பாலும் வேகத்தைத் தேர்ந்த விதம்தான் காரணம். பிளேடின் ஆரம் 100 மி.மீ., நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் நுனி வேகம் விநாடிக்கு 3.1 மீட்டர். ஓட்டம் ஒரேமாதிரி இருக்க வேண்டுமென்று ஃபிரௌட் எண்ணை (சுழற்சி துகளை வெளியே தள்ளுவதற்கும் ஈர்ப்பு கீழே இழுப்பதற்கும் உள்ள விகிதத்தை) மாற்றாமல் 1 மீட்டர் ஆரத்துக்குப் போனால் சுற்று 95 ஆகக் குறையும், ஆனால் நுனி வேகம் 9.9 மீட்டராக ஏறும். ஒரு கிலோவுக்கான மோதல் ஆற்றல் 10 மடங்கு. நுனி வேகத்தை மாற்றாமல் விட்டால் சுற்று 30-தான், ஆனால் ஃபிரௌட் எண் பத்தில் ஒரு பங்காகி, சரக்கு சரியாகக் கலக்காமல் போகலாம். எப்படியிருந்தாலும் படுகையின் ஆழம் கூடுவதால் அடியில் அழுத்தமும் கூடும். சிமுலேஷனுக்குச் செலவிடும் பணம் உண்மையிலேயே திரும்பி வருவது இந்த இடத்தில்தான். பெரிய கலக்கியில் ஒரு தொகுப்புச் சரக்கைப் பாழாக்காமலேயே, இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த வேகம் தாங்கும் என்று தேடலாம்.

விடையை எப்படி நம்புவது?

முதலில் ஓட்டத்தைச் சரிபாருங்கள், பிறகு உடைவை. ஓட்டத்துக்கு, பிளேடைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்கு விசையை மோட்டாரில் அளந்து ஒப்பிடுவது மலிவான வழி. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பாசிட்ரான் தடமறிதல், இரும்புச் சுவருக்குள்ளேயே ஒரு துகளின் பாதையைக் காட்டும், ஆனால் அந்த வசதி அரிது. உடைவுக்கு, மாறிலிகளைப் பொருத்தப் பயன்படுத்தாத ஒரு வேகத்தில் உண்மையாகக் கலக்கி, சலித்துப் பார்க்க வேண்டும். பொருத்திய அதே வேகத்தில் ஒத்துப்போவதைச் சான்றாக நான் ஏற்கமாட்டேன்.

எந்த மென்பொருள்? எங்கே தொடங்குவது?

காசு கொடுத்து வாங்குவதில் ஈடெம், ராக்கி இரண்டும் ஆலைகளில் பரவலாக உள்ளன. இலவசமாக, மூலநிரலோடு கிடைப்பவற்றில் யாடே, மெர்குரி டி.பி.எம்., லாம்ப்ஸின் குருணைத் தொகுப்பு ஆகியவை கற்பதற்கு ஏற்றவை. நிரல் தெரிந்தவர்களுக்கு இவற்றையே சிபாரிசு செய்வேன், ஏனென்றால் எந்த ஆற்றல் பதிவாகிறது என்பதைத் திறந்து பார்க்கலாம்.

பிளேடே இல்லாத ஒரு சிறு டிரம்மில், சில ஆயிரம் 2 மி.மீ. மணிகளோடு தொடங்குங்கள். சாய்வுக் கோணத்தை உண்மையான டிரம்மோடு ஒப்பிடுங்கள். அப்புறம் விறைப்பைப் பத்து மடங்கு கூட்டியும் குறைத்தும் ஓட்டி, மோதல் ஆற்றல் பட்டியல் எவ்வளவு மாறுகிறது, உச்ச விசை எவ்வளவு மாறுகிறது என்று பக்கத்துப் பக்கத்தில் வரைந்து பாருங்கள். அந்த இரண்டு வரைபடங்களும் கைக்கு வந்த பிறகு பிளேடைச் சேர்க்கலாம்.